சந்தா சாகிபும் அவன் குடும்பமும்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையையும், அதற்கு வடக்கே காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் நடுவே அமைந்த திருவரங்கத்தையும் கண்டிராதவர் நம்முள் மிகச் சிலரே ஆவர். ஆயினும், தெய்வ வழிபாட்டிற்கென அங்கே செல்லும் நாம், அத்திருத்தலங்களைச் சூழ்ந்து பதினெட்டாம் நூற்றாண்டில் நிகழ்ந்த பெரும் போர்களைப் பற்றி ஒரு சிறிதும் எண்ணுவதில்லை. தென்னாட்டின் தலைவிதியை மாற்றி எழுதிய நிகழ்ச்சிகள் அவை. அவற்றின் நடுவில் நின்று, வாளால் உயர்ந்து, அவ்வாளாலேயே மாண்டவன் சந்தா சாகிபு என்பான். அவன் வரலாற்றையும், அவன் பொருட்டுத் துன்புற்ற பல குடும்பங்களின் வரலாற்றையும் நம் சங்கத்து அன்பர்கட்கும் அவர்தம் வீட்டாருக்கும் எடுத்துக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். குடும்பமாக வாழ்வார் எவரும் அறிந்து கொள்ளத்தக்க பாடங்கள் இதன்கண் உள்ளன.

தோற்றமும் உயர்வும்

சந்தா சாகிபின் இயற்பெயர் உசேன் தோஸ்த் கான் என்பது. ஆர்க்காட்டில் நவாபுகளாயிருந்த நவாயத்து மரபினரோடு அவன் உறவு பூண்டவன். ஆர்க்காட்டு நவாபான தோஸ்த் அலி கான் தன் மகள் ஒருத்தியை அவனுக்கு மணம் செய்து கொடுத்தான். மருமகனே நாளடைவில் திவானுமானான். போரில் அஞ்சாமை, படைஞர்க்கு வாரிக்கொடுக்கும் வண்மை, மேன்மேலும் உயரவேண்டுமென்னும் வேட்கை ஆகிய இம்மூன்றும் அவன்பால் நிறைந்திருந்தன. நான்காவதாக வேண்டப்படும் வாய்மை ஒன்றே அவன்பால் குறைந்திருந்தது. அக்குறை பின்னர் அவனுக்கே கூற்றாய் முடிந்தது.

நாயக்கர் குடும்பப் பூசல்

அக்காலத்தில் மதுரை நாயக்கர்கள் திருச்சிராப்பள்ளியைத் தலைநகராகக் கொண்டு ஆண்டு வந்தனர். அவர்களுள் விசயரங்க சொக்கநாத நாயக்கர் பெருந் தெய்வபத்தி உடையவர். அவரும் அவர் குடும்பத்தாரும் கைகூப்பி நிற்கும் உருவச் சிலைகளை இன்றும் திருவரங்கம் கோயிலிற் காணலாம். அவர் மகப்பேறின்றி மறைய, அவர்தம் தேவி மீனாட்சி அரசாட்சியை ஏற்றாள். பங்காரு திருமலை என்னும் உறவினன் ஒருவனுடைய இளமகனை அவள் சுவீகாரமாக எடுத்துக்கொண்டாள். மகன் அரசுக்கு உரியவனாகத் தந்தை மனம் நிறைந்திருக்கலாம். ஆனால் பங்காரு திருமலை தானே அரசனாதல் வேண்டுமென்று கிளர்ச்சி செய்தான். அரண்மனை இரண்டு பட்டது.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது பழமொழி. 1734ஆம் ஆண்டில் தோஸ்த் அலியின் மகன் சப்தர் அலியும் மருமகன் சந்தா சாகிபும் திறை தண்டும் பொருட்டுப் பெரும்படையுடன் தெற்கே வந்தனர். வீட்டு வழக்கைத் தீர்த்துவைக்குமாறு இரு திறத்தாரும் அவர்களை அணுகினர். சப்தர் அலி பங்காரு திருமலைக்குச் சார்பாகத் தீர்ப்புக் கூறி 30 இலட்சத்திற்குப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு, அதனை நிறைவேற்றும் பொறுப்பைச் சந்தா சாகிபிடம் விட்டுச் சென்றான். மீனாட்சி அஞ்சி, ஒரு கோடி ரூபாய் தருவதாகக் கூறிச் சந்தா சாகிபைத் தன் பக்கம் திருப்பினாள். தனக்குத் தீங்கு செய்வதில்லையென்று குர்ஆனின்மீது ஆணையிடுமாறும் அவள் வேண்டினாள், அவனும் ஆணையிட்டான். பட்டுத்துணியில் பொதிந்து அவன் கையிற் பிடித்தது திருமறையன்று, ஒரு செங்கல்லே என்று மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். செங்கல்லோ, திருமறையோ, அவன் ஆணை நிலைக்கவில்லை என்பது மட்டும் உறுதி.

1736ஆம் ஆண்டில் அவன் மீண்டும் வந்தான். அரசியின் நண்பனாகவே கோட்டைக்குள் இடம் பெற்றான். அவள் படைகளையும் கூட்டிக்கொண்டு திண்டுக்கல் பக்கத்திற் பங்காரு திருமலையை வென்று துரத்தினான். பகைவன் ஒழிந்தான் என்று மீனாட்சி மகிழ்ந்திருக்கும் வேளையில், அவளையே அவள் அரண்மனையிற் சிறைவைத்துத் திருச்சிராப்பள்ளியைத் தனதாக்கிக்கொண்டான். அவள் நஞ்சுண்டு இறந்தாள். ஏறக்குறைய இருநூறு ஆண்டு விளங்கிய மதுரை நாயக்கர் அரசு இவ்வாறு, போர்க்களத்திற் சாயாது, ஒரு வீட்டுப் பிணக்கிற் புகுந்த அயலான் கையால் மாய்ந்தது.

மருமகன் கண்ட வாழ்வும் தாழ்வும்

திருச்சிராப்பள்ளியில் அமர்ந்த சந்தா சாகிபு தன் உடன்பிறந்தார் இருவரை மதுரையிலும் திண்டுக்கல்லிலும் நிறுத்தினான். தஞ்சை அரசுக்குரிய காரைக்காலை 1739இல் கைப்பற்றிப் பிரெஞ்சுக்காரர்க்கு வழங்கி அவர்தம் நட்பைப் பெற்றான். அவன் வளர வளர, மைத்துனன் சப்தர் அலியின் நெஞ்சிற் பொறாமையும் வளர்ந்தது.

1740ஆம் ஆண்டு மே மாதத்தில் இரகோஜி போன்ஸ்லே என்னும் மராத்தியத் தலைவன் பெருஞ்சேனையுடன் கருநாடகத்துட் புகுந்தான். தாமலச்செருவு என்னும் கணவாயில் தோஸ்த் அலி எதிர்த்து நின்று போர்க்களத்திலேயே பட்டான். மகனும் மருமகனும் உரிய காலத்தில் வந்து உதவினாரல்லர். நவாபின் மனைவியும், சந்தா சாகிபின் மனைவி மக்களும் தம் பொருள்களுடன் புதுச்சேரிக்கு ஓடினர். அங்கே ஆளுநராயிருந்த தூமா துரை கோட்டைக் கதவைத் திறந்து அவர்களை ஏற்றுக்கொண்டான். அவர்களை ஒப்புவிக்குமாறு இரகோஜி அச்சுறுத்தி எழுதியும் அவன் இணங்கவில்லை. அடைக்கலம் புகுந்த பெண்டிரையும் பிள்ளைகளையும் காட்டிக் கொடாத அச்செயல் ஒன்று, பிற்காலத்திற் பிரெஞ்சுக்காரர்க்கு இந்நாட்டில் ஈட்டித் தந்த மதிப்பு மிகப் பெரிது.

சப்தர் அலியோ மராத்தியரோடு மறைவாக உடன்படிக்கை செய்துகொண்டு, மைத்துனனது திருச்சிராப்பள்ளியை அவர்கள் கைப்பற்றிக்கொள்ள இசைந்தான். மராத்தியர் ஊர்க்குத் திரும்புவார் போன்று பின்வாங்கினர். பகை நீங்கிற்றென்று நம்பிய சந்தா சாகிபு, கோட்டையிற் சேமித்த நெல்லை விற்றுப் பணமாக்கினான். உடனே மராத்தியர் திரும்பி வந்து கோட்டையை வளைத்தனர். உள்ளே உணவு குறைந்தது. தமையனுக்கு உதவ மதுரையினின்றும் திண்டுக்கல்லினின்றும் விரைந்த உடன்பிறந்தார் இருவரும் வழியிலே போரிட்டு மாண்டனர். மூன்று மாத முற்றுகைக்குப்பின், 1741ஆம் ஆண்டு மார்ச்சு 26ஆம் நாள் சந்தா சாகிபு பணிந்தான். அவனை மராத்தியர் சாத்தாராவுக்குக் கொண்டு சென்றனர். முராரி ராவ் என்பவன் திருச்சிராப்பள்ளியின் அதிகாரியாக அமர்ந்தான்.

ஏழாண்டுகள் அவன் சிறையிற் கழிந்தன. அவன் மனைவியும் மகன் ரஸா சாகிபும் அக்காலமெல்லாம் புதுச்சேரியில் அயலார் நிழலில் வாழ்ந்தனர். கணவனை மீட்கும் பொருளுக்காக அவ்வம்மையார் பட்ட கவலை சிறிதன்று. தூமாவுக்குப்பின் ஆளுநனான டூப்ளே துரையும் அக்குடும்பத்தை ஆதரித்தான்.

இதற்கிடையில் ஆர்க்காட்டு அரண்மனையில் நிகழ்ந்தவை கேட்போர் உள்ளத்தை நடுக்குறச் செய்வன. மைத்துனனைக் காட்டிக்கொடுத்த சப்தர் அலி, 1742இல் வேலூரில் மற்றொரு மைத்துனனாகிய முர்த்தசா அலியின் சூழ்ச்சியாற் கொலையுண்டான். அவன் இளமகனும் 1744இல் ஒரு திருமண விழாவின்போது குத்துண்டு மடிந்தான். பின்னர் நிசாம், தன் பணியாளனாகிய அன்வருத்தீன் கானை ஆர்க்காட்டு நவாபாக்கினான். நவாயத்து வீட்டார் தம்முள் ஒருவரையொருவர் அழித்துக்கொண்டதனால் அரசு பிற குடும்பத்தைச் சேர்ந்தது.

ஆம்பூர்ப் போர்

1748ஆம் ஆண்டிற் பொருள் பேசிச் சந்தா சாகிபு விடுதலை பெற்றான். தெற்கே திரும்பும் வழியில், மைசூர்ச் சீமைப் பாளையக்காரர் இருவரது போரில் தலையிட்டு அங்கே மூத்த மகனை இழந்தான் என்பர். ஆயினும் அவன் ஊக்கம் தளரவில்லை. நிசாமின் பேரனாகிய முசாபர் சங்கோடும் பிரெஞ்சுக்காரரோடும் சேர்ந்து, 1749ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் ஆம்பூரில் அன்வருத்தீனை எதிர்த்தான். முதியவனாகிய அன்வருத்தீன் யானைமேலிருந்து பொருது வீழ்ந்தான். அவன் மூத்த மகன் மாபூசு கான் சிறைப்பட்டான். இளையவன் முகம்மது அலி தப்பியோடித் திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குட் புகுந்தான்.

இனி வருவனவெல்லாம், தந்தையை இழந்த இம்முகம்மது அலிக்கும், அத்தந்தையை வென்ற சந்தா சாகிபுக்கும் நிகழ்ந்த போட்டியே. முகம்மது அலிக்கு ஆங்கிலேயர் துணை. சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. பொருளும் துப்பாக்கியும் அயலாரவை. சாக வேண்டிய உயிர்களும் அழிய வேண்டிய வயல்களும் நம் நாட்டவை.

ஆம்பூரினின்றும் நேரே திருச்சிராப்பள்ளிக்குச் சென்றிருப்பின் சந்தா சாகிபு அன்றே வென்றிருப்பான். டூப்ளேயும் அவ்வாறே வற்புறுத்தினான். ஆனால் படைக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் வேண்டியிருந்தது. ஆகவே அவன் தஞ்சையை முற்றுகையிட்டான். தஞ்சை மன்னன் பிரதாபசிங்கன் எழுபது இலட்சம் தருவதாக ஒப்புக்கொண்டு, ஒருநாள் பழைய பாத்திரங்களையும், ஒருநாள் வழக்கொழிந்த நாணயங்களையும், மற்றொருநாள் அணிகலன்களையும் அனுப்பி, விலைபேசியே நாட்களைப் போக்கினான். அதற்குள் நாசர் சங்கின் பெரும்படை வடக்கே வந்துவிட, சந்தா சாகிபு முற்றுகையை விட்டு ஓடினான். 1750 டிசம்பரில் நாசர் சங்கு செஞ்சிக்கு அருகே தன் படைத்தலைவருள் ஒருவனாலேயே கொல்லப்பட்ட பின்னரே, சந்தா சாகிபு தடையின்றி ஆர்க்காட்டு நவாபாயினன்.

திருச்சிராப்பள்ளி முற்றுகை

1751ஆம் ஆண்டிற் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் திருச்சிராப்பள்ளியை வளைத்தனர். முகம்மது அலியின் கையிற் பணமில்லை. ஊரார் நம்பிக்கையும் குன்றியது. அப்போது, படைகளெல்லாம் திருச்சிராப்பள்ளியிலே குவிந்திருத்தலால் ஆர்க்காடு காவலின்றிக் கிடப்பதை உணர்ந்து, கிளைவ் என்னும் இளைஞன் 200 ஐரோப்பியரோடும் 300 சிப்பாய்களோடும் சென்னையினின்று சென்று அதனைக் கைப்பற்றினான். சந்தா சாகிபு முற்றுகைப் படையிற் பிரித்து 4,000 பேரைத் தன் மகன் ரஸா சாகிபிடம் அனுப்பினான். ரஸா சாகிபு 50 நாள் ஆர்க்காட்டை வளைத்தும், மொகரம் காலத்திற் கடுந்தாக்குதல் நடத்தியும் வெல்ல முடியாமற் பின்வாங்கினான். தந்தையின் வலிமை திருச்சிராப்பள்ளியில் குறைந்தது. மகனுக்கும் ஆர்க்காட்டில் வெற்றி கிட்டவில்லை.

முகம்மது அலி மற்றொரு வழியும் தேடினான். துணைக்கு வந்தால் திருச்சிராப்பள்ளியையே தந்துவிடுவதாக மைசூர்த் தளவாய் நஞ்சராஜனுக்கு வாக்களித்தான். இது ஆங்கிலேயர் அறியாது செய்த வாக்கு. நஞ்சராஜன் முராரி ராவின் குதிரைப்படையைக் கூலிக்கமர்த்திக்கொண்டு வந்தான். தஞ்சை மன்னன் தன் தளபதி மானோஜியை அனுப்பினான். புதுக்கோட்டைத் தொண்டைமானும் படையுதவினான். 1752 மார்ச்சு இறுதியில் மேஜர் லாரன்சும் கிளைவும் கோட்டையை வந்தடைந்தனர்.

முற்றுகையிட்டவர்களே முற்றுகைக்குள்ளாயினர். பிரெஞ்சுத் தளபதி லா என்பவன் அஞ்சிக் காவிரியைக் கடந்து திருவரங்கத் தீவிற் புகுந்தான். பிரெஞ்சுக்காரர் திருவானைக்காவிலும், சந்தா சாகிபின் படையினர் திருவரங்கம் கோயிலிலும் தங்கினர். ஏழு மதில்களால் எம்பெருமானைக் காக்க எழுந்த கோயில் பீரங்கி நிற்கும் பாசறையாயிற்று. கிளைவ் கொள்ளிடத்தின் வடகரையிற் சமயபுரத்தைப் பிடித்து வழியை அடைத்தான். புதுச்சேரியினின்று உதவிக்கு வந்த பிரெஞ்சுப்படை வலிகண்டபுரத்திற் சரணடைந்தது. தீவில் உணவு அற்றது. சந்தா சாகிபின் குதிரைவீரரும் காலாட்களும் நாளும் நூற்றுக்கணக்காக அவனை விட்டு நீங்கினர். சம்பளமின்றி வாடியவர்களை அவனும் குறை கூறவில்லை, போவாரைப் போகவிட்டான்.

முடிவு

தன்னை எவர் கையிற் பெறினும் கொல்வர் என்பதை அவன் அறிவான். மராத்தியர்க்கும் மைசூரார்க்கும் முகம்மது அலிக்கும் அவன் தலை வேண்டியதாயிருந்தது. எஞ்சியவன் தஞ்சை மானோஜி ஒருவனே. அவனிடம் பொருள் கொடுத்துப் பேசியபோது, சந்தா சாகிபைக் காவலோடு பிரெஞ்சுக்காரர் ஊர்க்கு அனுப்பிவிடுவதாக மானோஜி தன் வாளின்மீதும் கட்டாரியின்மீதும் ஆணையிட்டான். வீரனுக்கு அதனினும் பெரிய ஆணை வேறில்லை. அவ்வாணையை நம்பி இரவில் அவன் பாசறைக்குச் சென்ற சந்தா சாகிபு, உள்ளே புகுந்தவுடனே விலங்கிடப்பட்டான்.

மறுநாள் தலைவர்கள் கூடி, கைதி எவர்பால் இருப்பதென்று வாதிட்டனர். ஆங்கிலேயர் காவலில் வைக்கலாமென்று லாரன்சு கூறியதை ஏனையோர் ஏற்கவில்லை. அவனும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. 1752 ஜூன் மாதத்தில் லா தன் ஏறக்குறைய 800 ஐரோப்பியரோடும் 2,000 சிப்பாய்களோடும் சரணடைந்தான். கைதியை எவர்க்குத் தந்தாலும் ஏனையோர் பகைப்பர் என்றஞ்சிய மானோஜி, அவனைக் கொன்றுவிடத் துணிந்தான். நோயாலும் முதுமையாலும் தளர்ந்து தரையிற் கிடந்த சந்தா சாகிபு, மானோஜியிடம் ஒருசொல் பேசவேண்டுமென்று இரந்தான். வந்தவன் அதற்கு இடங்கொடாது அவன் நெஞ்சிற் குத்தித் தலையைக் கொய்தான்.

அத்தலை முகம்மது அலிக்கு அனுப்பப்பட்டது. இத்துணையாண்டு தன்னோடு போரிட்டவன் முகத்தை அவன் கண்டது அதுவே முதன்முறை. பின்னர் அதனை ஓர் ஒட்டகத்தின் கழுத்திற் கட்டித் திருச்சிராப்பள்ளி மதிலை ஐந்துமுறை வலம்வரச் செய்தனர். அவன் கொலையுண்ட இடம் தளவாய் மண்டபம் என்றும், மீனாட்சிக்கு அவன் பொய்யாணை செய்ததும் அங்கேயே என்றும் ஒரு வழக்கு உண்டு.

இந்நிகழ்ச்சிகளிடையே ஒளிவிடும் செயல் ஒன்றுமுண்டு. சந்தா சாகிபின் படையைச் சேர்ந்த ஆயிரம் இராசபுத்திரர் திருவரங்கம் கோயிலுள் இருந்தனர். வென்றவர் ஆயினும் மூன்றாம் மதிலுக்குள் எவரேனும் நுழைவராயின் வெட்டி வீழ்த்தித் தாமும் மாய்வோம் என்று அவர்கள் கூறி நின்றனர். ஆங்கிலேயர் அவ்வுறுதியை மதித்து உள்ளே புகவில்லை. தலைவனும் இன்றிச் சம்பளமும் இன்றி, தம் நாட்டிற்கு நெடுந்தொலைவிலுள்ள ஒரு கோயிலின் தூய்மைக்காக உயிர்விடத் துணிந்த அவர்கள் பெயர்கள் நமக்குக் கிட்டவில்லை.

எஞ்சிய குடும்பங்கள்

தந்தைக்குப்பின் ரஸா சாகிபை டூப்ளே நவாபு என்று அழைத்துப் பார்த்தான், நாடு ஏற்கவில்லை. பிற்காலத்தில் அவன் மைசூர் ஐதர் அலியின் பணியிற் சேர்ந்து வாழ்ந்தான். ஆர்க்காட்டு அரியணைக்குரியவன் என்னும் பெயர் ஒன்றே அவனுக்கு எஞ்சிய தந்தைவழிச் சொத்து.

முகம்மது அலி வென்றான். ஆனால் நஞ்சராஜனுக்குச் சொன்ன சொல்லைக் காக்கவில்லை. அதனால் மைசூரார் பகைவராகி, பிரெஞ்சுக்காரரோடு சேர்ந்து, மீண்டும் திருச்சிராப்பள்ளியை வளைத்தனர். பொன்மலை முதலிய குன்றுகளின் அடிவாரமெல்லாம் 1753இலும் 1754இலும் குருதியில் நனைந்தன. உணவின்றி ஊர்மக்கள் பெரும்பாலார் வீடுவாசல்களைத் துறந்து வெளியேறினர். சந்தா சாகிபின் மரணத்தோடு தீர்ந்திருக்க வேண்டிய துன்பம், ஒரு பொய்வாக்கினால் மேலும் இரண்டாண்டு நீண்டது.

வாலாஜா என்னும் பட்டத்தோடு முகம்மது அலி 1795 வரை நவாபாய் இருந்தான். சேப்பாக்கத்து அரண்மனையில் வாழ்ந்தும், போர்ச்செலவுக்கும் ஆடம்பரத்திற்கும் வாங்கிய கடன் அவனை விடவில்லை. இறுதியில் அவன் உடல் திருச்சிராப்பள்ளி நத்தர் வலி தருக்காவிலே அடக்கம் பெற்றது. 1801இல் ஆங்கிலக் கும்பினியார் நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டனர். சந்தா சாகிபின் குடும்பமும், அவன் பகைவன் குடும்பமும், அவர்கட்கு முன் நாயக்கர் குடும்பமும் ஒரே வழியில் அரசிழந்தன.

நாம் அறியத்தக்கன

இவ்வரலாற்றை ஒரு மதத்தாரைப் பழிப்பதற்குச் சிலர் எடுத்துக்கொள்வர். அது பிழை. மீனாட்சியை ஏமாற்றியவன் முசுலிம்; அவனை ஏமாற்றிக் கொன்றவன் இந்து; அதனைத் தடுக்காது வாளாவிருந்தவன் கிறித்தவன். வாய்மை தவறுதற்கு மதம் காரணமன்று. அங்ஙனமே, நவாபின் வீட்டுப் பெண்டிர்க்கு அடைக்கலம் தந்தவன் கிறித்தவன். தென்னாட்டுக் கோயிலைக் காத்து நின்றவர் ஒரு முசுலிம் தலைவனிடம் ஊதியம் பெற்ற வடநாட்டு வீரர்.

அன்பர்களே! நாம் சிறப்பாக நோக்கவேண்டுவது வீட்டுப் பிணக்கின் விளைவையே. பங்காரு திருமலையும் மீனாட்சியும் தம் குடும்பத்துப் பெரியோர் முன்னிலையில் அமர்ந்து பேசியிருப்பின், வழக்குத் தீர்க்க வந்தவன் வீட்டையே கவர்ந்திரான். சப்தர் அலி தன் தமக்கை தங்கையர் தாலியை எண்ணியிருப்பின் ஆர்க்காடு பிறர்பாற் சென்றிராது. இக்காலத்தில் நமக்கு அரசில்லை. ஆயினும் நிலமுண்டு, வீடுண்டு, பாகப்பிரிவினை உண்டு. இரண்டு முழ வரப்பிற்காக இரண்டு தலைமுறை நீதிமன்றம் ஏறி, இரு திறத்தார் பொருளையும் இழந்து நிற்கும் குடும்பங்களை நாம் அறிவோம். சங்கம் என ஒன்று கூடியிருப்பதன் பயன் ஆண்டு விழாவும் விருந்தும் மட்டுமாயின் அது குறைவுடைத்து. உறவினர் வழக்குகளை நடுவுநிலையோடு கேட்டு முடித்துவைக்கும் பெரியோர் குழு ஒன்று எந்நாளும் இருத்தல் வேண்டும். அதன்முன் எழுதிக்கொடுத்த சொல்லை மீறுவதில்லை என்னும் உறுதி இளைஞர்க்கும் வேண்டும்.

மற்றொன்றும் கூறி முடிப்பேன். சந்தா சாகிபின் மனைவி மக்கள் புதுச்சேரியில் வாழ்ந்த வகையையும், அவர்களிடம் யார் வந்தார், என்ன பேசினார் என்பதையும் நாம் இன்று அறிதற்குக் காரணம், டூப்ளேயின் துபாஷியாகிய ஆனந்தரங்கப் பிள்ளை என்னும் தமிழர் 1736 முதல் 1761 வரை எழுதிவைத்த நாட்குறிப்பே. அவர் போர்வீரருமல்லர், அரசருமல்லர், வணிகக் குடும்பத்தவர். கண்டதையும் கேட்டதையும் தம் தமிழில் எழுதினார். வழித்தோன்றல்கள் அவ்வேடுகளை அழியவிடாது வைத்திருந்தனர். நம் குடும்பங்களிலும் போர்க்குச் சென்று திரும்பாதவர் உண்டு. கடல்கடந்து சென்று மடிந்தவர் உண்டு. அவர் எழுதிய கடிதங்களும், படங்களும், பதக்கங்களும் பரண்மேற் கிடந்து செல்லுக்கு இரையாகாதபடி, அவர் பெயர், பிறந்த ஊர், சென்ற ஆண்டு, விட்டுச்சென்ற மனைவி மக்கள் ஆகியவற்றைப் பாட்டிமார் வாய்மொழியாற் கேட்டு ஒவ்வொரு வீட்டாரும் எழுதிவைத்தல் வேண்டும். திருவரங்கத்து மூன்றாம் மதிலைக் காத்த ஆயிரவர் பெயரை எழுதிவைப்பார் இல்லாது போயினர். நம்மவர் பெயர்க்கு அக்குறை நேராதிருப்பதாக.